தாயைப் போலப் பிள்ளையா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் முன்னோர் மொழி. அப்படியானால் குடிக்கு அடிமையான தந்தையின் பிள்ளையும் அவ்வழியேதான் செல்லவேண்டுமா? பரம்பரை பற்றிய பாடம் நடந்த அன்று எங்களுள் ஒருத்தி தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி இது. விடை தேடி நாங்கள் படித்தறிந்ததை இங்கே தருகிறோம்.

வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறதல்லவா? மூளையின் ஆணைப்படி அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. நெருக்கடி நீங்கியதும் இவை தணிய வேண்டும். 'எஃப்.கே.பி.பி.5' என்னும் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுகளால் சிலருக்குக் கார்ட்டிசால் தணியத் தாமதமாகிறது. நீங்காத மன அழுத்தமோ, போதையை நாடத் தூண்டும் காரணங்களுள் ஒன்று.

காவல் நிற்கும் மரபணுவும் உண்டு. குடித்த மது ஈரலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறுகிறது. அதை அகற்றும் நொதி ஜப்பான், சீனா, கொரியா நாட்டவருள் பலருக்குப் பிறவியிலேயே வலுக்குறைந்தது. சிறிது அருந்தினாலும் அவர்களுக்கு முகம் சிவந்து குமட்டும். ஆகவே அவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு.

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். டென்மார்க்கில் தாம் நடத்திய ஆய்வை டொனால்ட் குட்வின் குழுவினர் 1973-இல் வெளியிட்டனர். குடிநோயாளிக்குப் பிறந்து, கைக்குழந்தையாகவே பிறர் வீட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்கள் 55 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 10 பேர் குடிநோயாளிகளாயினர். அத்தகைய பெற்றோர் இல்லாத 78 தத்துப்பிள்ளைகளுள் 4 பேரே அவ்வாறாயினர். ஆகவே, வளர்ப்பு மட்டுமன்றிப் பரம்பரைக்கும் பங்குண்டு என்பது தெளிவு. ஆண், பெண் இரட்டையரைக் கொண்டு நடந்த பிற்கால ஆய்வுகளும், இந்நோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுக்களைச் சார்ந்தது என்கின்றன.

ஆனால் அந்த 55 பேரில் மீதி 45 பேரை மறக்கலாமா? அதே பரம்பரையில் வந்தும் அவர்கள் குடிநோயாளிகளாகவில்லையே! மரபணு தருவது சாய்வு மட்டுமே, அது தீர்ப்பன்று.

குடும்பத்தில் குடிநோய் இருப்பது பிள்ளைகள் வெட்கப்பட வேண்டிய குற்றமன்று. விழிப்பாயிருக்க வேண்டிய செய்தி. சர்க்கரை நோயுள்ள குடும்பத்தார் உணவில் கவனமாயிருப்பதுபோல, இவர்கள் முதற் கோப்பையையே மறுப்பது அறிவுடைமை. மனச்சுமையை உள்ளே பூட்டி வைக்காமல், நம்பத்தக்க பெரியவரிடம் மனம்விட்டுப் பேசுவதும் நல்ல காப்பு.

தோழியே, தந்தையின் மூக்கும் நடையும் உனக்கு வந்திருக்கலாம். அவர் ஏந்திய கோப்பையை நீ ஏந்த வேண்டியதில்லை.

— பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மாணவியர்