விடுவிக்கப்பட்ட பின்கள வீரரைச் சேர்க்கலாமா?
வியாபாரிகளுக்கு உதைபந்தாட்டம் சொல்லும் பாடம்

"வேறு கடையில் இருந்து நின்ற ஆளை எடுக்கலாமா?" வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தீவகத்தில் கணக்குப் பார்க்கவும் களஞ்சியத்தைப் பொறுப்பேற்கவும் அனுபவமுள்ள ஆள் கிடைப்பது அரிது. படித்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிறார்கள். வசதி வாய்த்தால் வெளிநாட்டுக்கே போய்விடுகிறார்கள். இந்த நிலையில், பட்டணத்துப் பெரிய கடையொன்றில் பத்து வருடம் நின்ற ஒருவர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலை தேடி வந்தால், நமக்கு ஆசையும் வரும், சந்தேகமும் வரும்.

உதைபந்தாட்டக் கழகங்கள் இதே கேள்வியை ஒவ்வொரு வருடமும் பெருந்தொகைப் பணத்தோடு எதிர்கொள்கின்றன. ஒரு கழகம் விடுவித்த பின்கள வீரரை இன்னொரு கழகம் சேர்க்கலாமா? அவர்கள் பெற்ற அனுபவத்தை நாம் செலவில்லாமல் படித்துக்கொள்ளலாம்.

பின்கள வீரரை ஏன் எடைபோடுவது கடினம்?

முன்கள வீரரை எடைபோடுவது இலகு. அவர் போட்ட கோல்களை எண்ணினால் போதும். பின்கள வீரரின் உழைப்போ விழாமல் போன கோல்களில் இருக்கிறது. அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை.

நமது கடைகளிலும் அப்படித்தான். முன்னால் நின்று சிரித்துப் பேசி விற்பவரை எல்லோருக்கும் தெரியும். பின்னால் நின்று மூட்டைகளை எண்ணுபவர், காலாவதித் திகதி பார்ப்பவர், "முந்திய கணக்கை முடித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்" என்று பணிவாகச் சொல்பவர் ஆகியோரே நமது பின்கள வீரர்கள். அவர்கள் உழைப்பு அன்றன்றைய விற்பனைக் கணக்கில் தெரியாது. அவர்கள் போய் இரண்டு மாதத்தின் பின், வராத கடனாகவும் குறைந்த சரக்காகவும்தான் தெரியும். ஆகவே இத்தகையவரை விடுபவரும் தவறாக மதிப்பிடலாம்; எடுப்பவரும் தவறாக மதிப்பிடலாம்.

'இலவசம்' என்ற சொல்லில் மயங்க வேண்டாம்

பெல்ஜிய வீரர் ஜோன்-மார்க் பொஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கழகத்துக்கு மாற்றுக் கட்டணம் எதுவும் கொடுக்கப்படாமலே இன்னொரு கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. 'இலவச மாற்றம்' என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான்.

ஆனால் கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று பொருளல்ல. பழைய கழகத்துக்குப் போகாத பணத்தில் ஒரு பங்கை வீரர் கூடிய சம்பளமாகவும் கையெழுத்துப் பணமாகவும் கேட்பார். அவருடைய முகவரும் கேட்பார்.

நமக்கும் கணக்கு அப்படியே. ஒருவருக்கு மாதம் 50,000 ரூபா சம்பளம் என்று பேசினால், ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3 என முதலாளி கொடுக்க வேண்டிய பங்கு 7,500 ரூபா. ஆகவே உண்மைச் செலவு 57,500 ரூபா. நமது சரக்கையும் வாடிக்கையாளரையும் அவர் பழகும்வரை போகும் மாதங்களும் செலவுதான்.

மூவரின் அனுபவம்

முதலாமவர் பிரேசிலின் தியாகோ சில்வா. பரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கழகத்தில் எட்டு வருடம் ஆடி, 2020இல் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார். அப்போது வயது 35. இங்கிலாந்தின் செல்சி கழகம் அவரைச் சேர்த்தது; ஆனால் ஒரே ஒரு வருடத்துக்கு. விரும்பினால் இன்னொரு வருடம் நீடிக்கலாம் என்ற நிபந்தனையையும் எழுதிக்கொண்டது. பிரீமியர் லீக்கில் அவரது முதல் ஆட்டத்திலேயே அவர் தவறவிட்ட பந்து எதிரணிக்குக் கோலாகியது. கழகம் பதறவில்லை. 2021 மே மாதம் செல்சி சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றபோது அவர் அந்த அணியின் தூணாக இருந்தார். ஒரு வருடத்துக்கு என்று வந்தவர் 2024 வரை நான்கு பருவங்கள் ஆடினார்.

இரண்டாமவர் ஸ்பெயினின் சேர்ஜியோ ராமோஸ். ரியல் மட்ரிட்டில் 16 வருடம் ஆடியவர். கழகம் ஒரு வருட நீடிப்புத் தர முன்வந்தது. அவர் இரண்டு வருடம் கேட்டார். பேச்சு முறிந்தது. 2021 ஜூலையில் பரிஸ் கழகம் அவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது. காயம் காரணமாக அவர் முதல் ஆட்டத்தை ஆடியது நவம்பர் 28 அன்றுதான். 38 ஆட்டங்கள் கொண்ட அந்த லீக் பருவத்தில் அவர் 12 ஆட்டங்களிலேயே களமிறங்கினார். இரண்டாம் வருடம் ஒழுங்காக ஆடினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் முதல் வருடச் சம்பளத்தின் பெரும்பகுதி காத்திருப்புக்கே போயிற்று.

மூன்றாமவர் நமக்கு அருகில் உள்ளவர்: இந்திய அணியின் சந்தேஷ் ஜிங்கன். 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகத்தில் ஆடினார். 2019 ஒக்டோபரில் முழங்கால் தசைநார் காயப்பட்டு, அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார். 2020 மே மாதம் இருதரப்பும் பேசிப் பிரிந்தன. கழகம் அவரை அவமதித்து அனுப்பவில்லை. அவர் அணிந்த 21ஆம் இலக்கச் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அப்போது அறிவித்தே வழியனுப்பியது.

ஒரு பருவம் முழுக்க ஆடாத, அறுவைச் சிகிச்சை செய்த காலோடு நின்ற ஒருவரைச் சேர்க்கலாமா? கொல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகான் சேர்த்தது. அதுவும் ஐந்து வருட ஒப்பந்தத்தில். முதல் வருடம் பலன் கிடைத்தது. 2020-21 இந்தியன் சுப்பர் லீக்கில் அந்த அணி 20 ஆட்டங்களில் 15 கோல்களையே விட்டுக்கொடுத்து இறுதிப்போட்டி வரை போனது. அவருக்கு இந்தியாவின் அவ்வருடச் சிறந்த வீரர் விருதும் கிடைத்தது. ஆனால் 2021 ஓகஸ்டில் அவர் குரோஷியாவின் சிபெனிக் கழகத்துக்குப் போனார். அங்கு காயப்பட்டு, ஓர் ஆட்டமும் ஆடாமல் 2022 ஜனவரியில் கொல்கத்தாவுக்கே திரும்பினார். அதே வருடம் ஓகஸ்டில் பெங்களூருக் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த மாதமே டூரண்ட் கிண்ணத்தை வென்றார். ஐந்து வருடம் என்று எழுதிய தாள் இரண்டு வருடத்தைக்கூடத் தாண்டவில்லை.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: விடுவிக்கப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை விட, எந்த நிபந்தனையில் எடுத்தோம் என்பதே இலாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது.

எடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. ஏன் பிரிந்தார்? காரணங்கள் மூன்று வகை. முதலாவது, பழைய முதலாளியின் பணப்பை சுருங்கியது. இதில் ஆள்மேல் குற்றமில்லை. இரண்டாவது, உடல்நிலை அல்லது வயது. இது விலை பேசக்கூடியது. வேலையை அதற்கேற்ப அமைக்கலாம். மூன்றாவது, அமானிதம் பேணாமை. இதற்கு எந்த மலிவும் ஈடாகாது. பழைய முதலாளியிடம் "ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "சாவி யாரிடம் இருந்தது? காசுக் கணக்கு யார் பார்த்தார்? திரும்ப வந்தால் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வந்தவரின் பக்கத்து நியாயத்தையும் அவர் வாயாலேயே கேளுங்கள். ஒருவரது குடும்ப வருமானம் நமது ஒரு தலையசைப்பில் தங்கியிருக்கிறது. வதந்தியை வைத்து மறுப்பதும் அநீதி.

2. எங்கே ஓட்டை? பெயர்பெற்றவர் கிடைக்கிறார் என்பதற்காக எடுக்கக் கூடாது. உங்கள் நட்டம் வராத கடனில் இருந்தால் கடன் புத்தகம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். நட்டம் களஞ்சியத்தில் இருந்தால் சரக்கு தெரிந்தவர் வேண்டும். இரண்டிலும் ஓட்டை இல்லையென்றால் ஆளே வேண்டாம்.

3. சோதனை எப்போது? பீஃபாவின் விதிகளில் வியாபாரிகளுக்கு உதவும் ஒன்று உண்டு. மருத்துவச் சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத முடியாது. ஆகவே கழகங்கள் கையெழுத்துக்கு முன்பே சோதித்துவிடுகின்றன. நாமும் முதலில் ஒரு வாரம் சரக்கு எண்ண வைத்து, கூலி கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம்.

4. எவ்வளவு காலம்? சந்தேகம் கூடினால் காலம் குறைய வேண்டும். செல்சி செய்ததுபோல் குறுகிய தவணையும் நீடிக்கும் வாய்ப்பும் இருதரப்புக்கும் நல்லது. ஆறு மாதத் தகுதிகாண் காலம், அதன் முடிவில் பார்க்கப்போகும் விடயங்கள், தேறினால் எவ்வளவு சம்பள உயர்வு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

என் முடிவு

சேர்க்கலாம். பிரிவின் காரணம் நாணயக் குறைவு அல்ல என்று உறுதியானால், நமது ஓட்டைக்கு அவர் பொருந்தினால், முதல் தவணை குறுகியதாக இருந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். புதிய ஆளைப் பழக்க எடுக்கும் இரண்டு வருடம் மிச்சம்.

சேர்த்தபின் ஒன்றை மறக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஒரு பிழை விட்டதும் "இதனால்தான் அங்கே விட்டார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். எழுதிய தவணை முடியும்வரை பொறுத்து, எழுதிய விடயங்களை வைத்தே அளவிடுங்கள். சில்வாவை அவரது முதல் பிழையோடு உட்கார வைத்திருந்தால், அடுத்த மே மாதம் செல்சியின் பின்களத்தைத் தாங்க அவர் இருந்திருக்க மாட்டார்.