பெரியவர்களும் ரோபோவும்: முதலில் கேளுங்கள்

வயதானவர்களைக் கவனிக்க ரோபோ வந்துவிட்டது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். ரோபோ என்பது சொல்லிக்கொடுத்த வேலையைத் தானாகவே செய்யும் ஒரு மிஷின். ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளில் தனியாக வாழும் பெரியவர்கள் பலர். அவர்களைப் பராமரிக்க ஆட்கள் போதாது. அதனால்தான் இவற்றைச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெரியவர்கள் இதை வீட்டுக்குள் விடுவார்களா?

எதற்குச் சம்மதம்? எதற்கு வேண்டாம்?

அமெரிக்காவில் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், 65 முதல் 93 வயது வரையான 21 பேருக்கு ஒரு ரோபோவின் படத்தைக் காட்டி இதைக் கேட்டார்கள். ஆய்வு 2014இல் வெளியானது. வீட்டைச் சுத்தம் செய்யவும், பொருட்களை எடுத்துத் தரவும், மருந்து நேரத்தை ஞாபகப்படுத்தவும் ரோபோ வரட்டும் என்றார்கள். குளிக்கவைக்க, உடுப்பு மாற்ற மனிதர்தான் வேண்டும் என்றார்கள். எந்த மருந்தைக் குடிப்பது என்று முடிவெடுப்பதையும் அவர்கள் மிஷினிடம் விட விரும்பவில்லை.

கேட்டது 21 பேரிடம் மட்டுமே. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், நம்ம தாத்தா பாட்டியும் இப்படித்தானே சொல்லுவாங்க?

பாரோ என்ற கடல்நாய்க்குட்டி

ஜப்பானில் தக்கனோரி ஷிபாட்டா என்பவர் 'பாரோ' என்ற ரோபோவைச் செய்தார். வெள்ளைக் கடல்நாய்க்குட்டி போல இருக்கும். தடவினால் தலையை அசைக்கும், சத்தம் போடும். 2005இல் விற்பனைக்கு வந்தது. மறதி நோயுள்ளவர்களின் மனதை அமைதிப்படுத்த இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் பூனை போலச் செய்யவில்லை? பூனையை எல்லோருக்கும் தெரியும். "இது நிஜப் பூனை மாதிரி இல்லையே" என்று குறை சொல்லிவிடுவார்கள். கடல்நாயோடு பழகியவர் குறைவு. இப்படிப் பெரியவர்களின் மனதை அறிந்து செய்ததால்தான் பலர் அதை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுப்பது பிடிவாதமா?

இல்லை. "எனக்கு இன்னும் ஏலாமப் போகல்ல" என்ற மானம் ஒன்று. மிஷின் வந்தால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்ற பயம் இன்னொன்று. கெமரா இருந்தால் கூச்சம். பழுதானால் என்ன செய்வது என்ற கவலை.

நமது வீட்டில்

நமது லயங்களுக்கு ரோபோ வரவில்லை. ஆனால் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஊன்றுகோலும் காது மிஷினும் மூலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். காரணம் அதேதான்.

"அப்பாயி, இனி கம்பு புடிச்சுத்தான் நடக்கணும்" என்று சொல்லாதீர்கள். "அப்பாயி, பீலிக்கரைக்குப் போக எந்த இடத்துல கஷ்டமா இருக்கு? என்ன செஞ்சா லேசா இருக்கும்?" என்று கேளுங்கள்.

1. வாங்கும் முன் அவரிடம் கேளுங்கள்.
2. தெரிவு செய்ய அவரை விடுங்கள்.
3. சில நாள் கூட இருந்து பழக்குங்கள்.
4. குளிக்க, உடுத்த யார் உதவ வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.
5. கம்பு வந்துவிட்டது என்று கைபிடிப்பதை நிறுத்தாதீர்கள்.

இன்று மாலை பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவர் தானாகவே செய்ய விரும்பும் வேலை எது? எந்த வேலைக்கு உதவி கேட்கக் கூச்சப்படுகிறார்? பதிலை அவர் வாயாலேயே கேளுங்கள்.