பொது நீச்சல் குளமும் ஊரின் நலவாழ்வும்

ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊர்களில் கிணறே நீச்சல் பள்ளியாக இருந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தந்தையோ மாமனோ பிள்ளையை நீரில் இறக்கிவிடுவார். சில நாள்களில் அது தானே மிதக்கும். இன்று பல கிணறுகள் வற்றின, பல தூர்ந்தன. ஆயினும் விடுமுறை நாள்களில் ஆறும் ஏரியும் குவாரிக் குட்டையும் பிள்ளைகளை ஈர்க்கத் தவறுவதில்லை. இறங்க இடமுண்டு, கற்க இடமில்லை. இந்த இடைவெளியில்தான் உயிர்களை இழக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். பத்தில் ஒன்பது இறப்புகள் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் நேர்ந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது, அந்நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளுள் ஒன்று. ஆழம் குறிக்கப்பட்ட, அடித்தளம் தெரியுமளவு தெளிந்த, உயிர்காப்பாளர் காவலிருக்கும் குளமே அதற்கு ஏற்ற வகுப்பறை.

பயன் பிள்ளைகளோடு நிற்பதில்லை. இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்கும் சுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. மார்பளவு நீரில் மேலும் குறைகிறது. தரையில் பத்து நிமிடம் நடக்க வலிக்கும் மூட்டுத் தேய்மான நோயாளர் பலர், நீரில் அதைவிட நெடுநேரம் நடக்க இயலும். உடற்பருமன், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்க்கும் மூட்டை வருத்தாத இப்பயிற்சி ஏற்றது.

தனியார் மன்றங்களின் கட்டணம் எல்லோர்க்கும் எட்டுவதன்று. சென்னை மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் போன்றவை ஊர்தோறும் வேண்டும் என்று நாம் கருதுவது இதனால்தான். ஆனால் குளத்தின் செலவு கட்டடத்தோடு முடிவதில்லை. வடிகட்டலும் குளோரின் அளவுச் சோதனையும் தவறினால், அதே குளம் வயிற்றுப்போக்கையும் கண், காது தொற்றுகளையும் பரப்பும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், மகளிர்க்குத் தனி நேரம், முதியோர் இறங்கக் கைப்பிடியுள்ள சாய்தளம் ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

குளத்திற்குச் செல்லுமுன் எங்கள் நோயாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

• ஆறாத புண்ணோ வயிற்றுப்போக்கோ இருந்தால் இறங்கலாகாது.
• இதய நோய் உள்ளோரும் அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்குக.
• வலிப்பு நோய் உள்ளோரும் மருத்துவரின் இசைவு பெறுக; தனியே நீந்தலாகாது.
• பாத உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளர் குளக்கரையில் வெறுங்காலுடன் நடவாதிருக்க.
• நீச்சல் அறிந்த பிள்ளையாயினும் பெரியவர் பார்வை அகலலாகாது.

மூழ்கி வரும் பிள்ளைக்குச் சிகிச்சை அளிக்கும் வாய்ப்பு மருத்துவமனைக்குச் சில நிமிடங்களே. அப்பிள்ளை மூழ்காதிருக்கக் கற்பிக்கும் வாய்ப்போ ஊருக்குப் பல ஆண்டுகள். உங்கள் கிராம சபையிலோ வார்டு உறுப்பினரிடமோ இக்கோரிக்கையை முன்வையுங்கள்.