இன்ஜெக்டரைச் சுத்தம் செய்த பின் ஓட மறுக்கும் டீசல் எஞ்சின்

சேர்வராயன் மலையில் கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலமாகும். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் இட்டுத் தோல் நீக்குதல் அவசியம். ஓரிரவு குவியலாய்க் கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். கொட்டையின் நிறமும் சுவையும் கெட்டு, விலையும் இறங்கும். ஆதலால் பல்ப்பரைச் சுழற்றும் டீசல் எஞ்சின் ஒரு மாலைப்பொழுதில் நின்றுவிடுவது சிறு சங்கதி அன்று. மின்சார மோட்டார் வைத்திருப்போரும் மின்சாரம் நிற்கும் வேளைக்கு இத்தகைய எஞ்சினையே நம்பியிருக்கக் காணலாம்.

எஞ்சின் சற்றுக் கரும்புகை விடத் தொடங்கியதும் இன்ஜெக்டரைத் தாமே கழற்றிச் சுத்தம் செய்வோர் உளர். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் சென்று ஒரு நாளைச் செலவிடுவதைக் காட்டிலும் இது எளிதென எண்ணுவது இயல்பே. அதனைக் குற்றமென்று நாம் கூறோம். சுத்தம் செய்து மாட்டிய பின்னர் எஞ்சின் ஓடாமலோ, முன்னினும் மிகுதியாய்ப் புகைந்தோ, தட்டொலி எழுப்பியோ துன்பம் தருமாயின் யாது செய்வது என்பதையே இங்கு ஆராய்வோம்.

நேற்று வரை ஓடிய எஞ்சினில் இன்று தோன்றிய புதிய கோளாறு, பெரும்பாலும் நேற்று நாம் கை வைத்த இடத்திலேயே இருக்கும். இதை மறந்து வால்வையும் பிஸ்டனையும் கழற்றப் புகுந்தால், ஒரு கோளாறு நான்காகும்.

எஞ்சின் சிறிதும் பற்றாவிடில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றையே. குழாயைக் கழற்றியபொழுது உள்ளே புகுந்த காற்று, பம்பு அழுத்தும்போது சுருங்கிக் கொடுக்குமேயன்றி இன்ஜெக்டரைத் திறக்காது. டாங்கியின் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடியபடியே மறந்துவிட்டு, அரை நாள் கைப்பிடி சுற்றியவர்களும் உண்டு. பிறகு பில்ட்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்குக. பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. கடைசியாக இன்ஜெக்டர் முனையிலுள்ள குழாய் நட்டைச் சிறிது தளர்த்திக் கைப்பிடியைச் சுற்றி, அங்கும் எண்ணெய் தெளிவாய் வந்த பின் இறுக்குக. காற்று முற்றும் நீங்கியிருந்தால், அநேக எஞ்சின்களில் கைப்பிடியைச் சுற்றும்பொழுது இன்ஜெக்டரில் "கிர்" என்னும் சிற்றொலி கேட்கும். அது கேட்டால் எண்ணெய் உட்செல்கிறது என்று அறியலாம்.

எஞ்சின் ஓடியும் இன்ஜெக்டரைச் சுற்றிச் "சுர்" என்று காற்றுக் கசிந்தால், அடியிலுள்ள செம்பு வாஷரைக் கவனிக்க வேண்டும். பழைய வாஷர் குழியினுள் ஒட்டிக்கொண்டிருக்க, அதை அறியாமல் புதியது ஒன்றையும் இடுவது வழக்கமான பிழை. அப்பொழுது நாசில் உயர்ந்துவிடுவதால் எண்ணெய் உரிய இடத்தில் தூவாது, புகை மிகும். வாஷரே இல்லாமற் போனால் நெருப்புக்காற்று கசிந்து நாசிலைச் சுட்டுவிடும். சோப்பு நீரைத் தடவிக் கைப்பிடியால் சுற்றினால் கசிவு குமிழியாய்த் தெரியும். இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் நாசில் சாய்ந்து, உள்ளிருக்கும் ஊசி பிடித்துக்கொள்ளும்.

இவ்வூசியைப்பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்வது நலம். ருடால்ப் டீசல் என்பவர் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயை அழுத்தக் காற்றால் ஊதிச் செலுத்தினர். காற்றின் துணையின்றி எண்ணெயையே பேரழுத்தத்தில் தெளிக்கும் பம்புகளைப் பாஷ் கம்பெனியார் 1927 முதல் ஏராளமாய்ச் செய்யலாயினர். சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கிக் கசியாதிருக்க வேண்டியமையால், ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கே. இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்துகின்றனர். ஆகவே இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் ஒன்றன் ஊசியை மற்றதன் கூட்டில் இடலாகாது. உப்புத்தாள் தொடவே கூடாது. பஞ்சுக்கழிவால் துடைத்தால் அதன் இழை ஒன்றே ஊசியைப் பிடித்து நிறுத்தப் போதும். சுத்தமான டீசலில் அலசி, ஈரத்தோடு பொருத்துவதே முறை.

ஊசி திறந்தபடி நின்றுவிட்டால் எண்ணெய் தூவாமல் சொட்டும். தட்டொலியும் கரும்புகையும் அதன் குறிகள். அளவுகோலில் எஞ்சின் ஆயில் மட்டம் ஏறி, டீசல் நாற்றமும் வீசினால் ஐயமே இல்லை. அந்நிலையில் ஓட்டினால் பேரிங்குகள் கெடும். இன்ஜெக்டரின் தலையிலுள்ள அழுத்தத் திருகைத் திருப்பி இதனைச் சரிசெய்ய முயல்வது பெருந்தவறு. அழுத்தமானியில் வைத்துப் பாராமல் அதனைத் தொடக் கூடாது. பம்பையும் கழற்றியிருந்தால், அதன் அடியில் இருந்த மெல்லிய தகடுகள் எத்தனை என்று நினைவுகூருங்கள். ஒன்று குறைந்தாலும் எண்ணெய் செல்லும் நேரம் மாறிவிடும்.

இன்ஜெக்டரை வெளியே வைத்து அது தூவும் விதத்தைப் பார்ப்போர், அதன் முன்னே விரலை நீட்டலாகாது. அத்தெளிப்பு தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசிமுனையளவே தோன்றினும், வலி இல்லையாயினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்; தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

எல்லாம் சரியாயிருந்தும் கரும்புகை நீங்காவிடில் மலையை நினைக்க. ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் செறிவு சமவெளியினும் ஏழில் ஒரு பங்கு அளவு குறைவு. எனவே எஞ்சினின் வலிமையும் குறையும். சேலத்தில் புகையாமல் இழுத்த பாரத்தை அதே எஞ்சின் இங்கே புகைந்துகொண்டுதான் இழுக்கும். பல்ப்பரையும் தண்ணீர்ப் பம்பையும் ஒருங்கே மாட்டியிருந்தால் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். புகை தெளிந்தால் இன்ஜெக்டர் குற்றமற்றது; அதை முதலிற் கழற்றியதே வீண். குளிர்ந்த காலையில் தொடக்கத்தில் வரும் வெண்புகை சூடேறியதும் மறையும். மறையாவிடில் டீசலில் நீர் கலந்திருக்கலாம். பனிக்காலத்தில் பாதி காலியான பீப்பாயின் உட்புறம் நீர் வியர்த்து அடியில் தங்குவது உண்டு.

இரண்டு மணி நேரத்துக்குள் கோளாறு பிடிபடவில்லையாயின், பழத்தைக் குவியாமல் தளத்தில் மெல்லிதாய்ப் பரப்பிவிட்டு, கைப்பல்ப்பர் உள்ள அண்டைத் தோட்டத்தாரிடம் இரவல் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிடில் அவற்றைத் தோலோடு உலர்த்திச் செரிக் காப்பியாக்குக. விலை குறையினும் முழுதும் அழியாது. மறுநாட் காலை இன்ஜெக்டரைப் பிரிக்காமல் முழுதாகவே சுத்தமான பாலிதீன் பையிற் சுற்றிச் சேலத்துப் பட்டறைக்கு அனுப்புக. தோட்டத்தில் நிற்கும் எஞ்சினின் குழாய் முனைகளையும் பாலிதீனால் மூடிக் கட்டிவைக்க வேண்டும்.