நாய்க்கும் கோழிக்கும் வரும் கிருமி நமக்கும் வருமா?



லயத்து வாசலில் நாய் படுத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் கோழி மேயும். சில வீடுகளில் ஆடு மாடும் உண்டு. நம் பிள்ளைகள் இவற்றோடுதான் வளர்கிறார்கள். கோவிட் வந்து போன பிறகு, "நாய்க்குச் சளி பிடிச்சா பிள்ளைக்கும் ஒட்டிக்குமா?" என்ற கேள்வி பல தாய்மார்களுக்கு இருக்கிறது. நியாயமான கேள்விதான். "அதெல்லாம் ஒட்டாது, போங்க" என்று தள்ளிவிட முடியாது. பயந்துபோய் நாயைக் காட்டில் விட்டுவிட்டு வரவும் தேவையில்லை. விஞ்ஞானிகள் இதுவரை கண்டறிந்தது என்ன என்று பார்ப்போம்.

முதலில் தெரிந்தது கோழியிடம்

கொரோனா என்பது ஒரே ஒரு கிருமியின் பெயர் அல்ல. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தின் நோய் முதலில் தெரிய வந்தது கோழிக் குஞ்சுகளிடம். 1931-ல் அமெரிக்காவில் வட டகோட்டா மாநிலத்தில் குஞ்சுகள் மூச்சுத் திணறி இறந்ததைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. அது கோழிகளுக்கு வரும் நோய், மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை.

மனிதர்களின் சளியில் இக்குடும்பத்துக் கிருமி இருப்பது 1960-களில் தெரிந்தது. பிரிட்டனில் டேவிட் டிரெல் என்ற டாக்டர் சாதாரணச் சளியை ஆராய்ந்து வந்தார். ஒரு பள்ளி மாணவனின் மூக்குச் சளியில் இருந்த கிருமி எந்த வகை என்று பிடிபடவில்லை. அதை ஜூன் அல்மெய்டா என்ற பெண்மணியிடம் அனுப்பினார்.

இந்த அம்மையாரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கிளாஸ்கோ நகரில் ஒரு பஸ் டிரைவரின் மகளாக 1930-ல் பிறந்தவர். 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே கற்று, மின்னணு நுண்ணோக்கியில் கிருமிகளைப் பார்ப்பதில் பெரிய நிபுணர் ஆனார். மாணவனின் சளியைப் பார்த்ததும், கோழி நோயிலும் எலி நோயிலும் தாம் முன்பே கண்ட அதே உருவம் என்று அடையாளம் கண்டார். உருண்டை வடிவம், சுற்றிலும் கிரீடம் போல முட்கள். கிரீடத்துக்கு லத்தீன் மொழியில் 'கொரோனா' என்று பெயர். 1968-ல் குடும்பத்துக்கே அந்தப் பெயர் வந்தது. அதாவது, மனித நோயை அடையாளம் காட்டியதே கோழி நோயும் எலி நோயும்தான்.

விலங்கிலிருந்து மனிதருக்கு

இன்று மனிதர்களுக்கு நோய் தரும் கொரோனா கிருமிகளில் நன்கு அறியப்பட்டவை ஏழு. அவற்றில் நான்கு, பெரும்பாலும் சாதாரணச் சளியை மட்டும் தருபவை. அந்த நான்கில் ஒன்று முன்னொரு காலத்தில் மாட்டிடமிருந்து வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மற்ற மூன்றும் பொல்லாதவை.

சார்ஸ்: 2003-ல் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்தது. அதன் மூலம் வௌவால். இடையில் புனுகுப் பூனை.

மெர்ஸ்: 2012-ல் அரபு நாட்டில் தெரிந்தது. ஒட்டகத்திடமிருந்து வருவது. 2014-ல் உம்ரா சென்று திரும்பிய ஜொகூர்க்காரர் ஒருவர் இந்நோயால் இறந்தார். அவர் அங்கே ஒட்டகப் பண்ணைக்குப் போய், காய்ச்சாத ஒட்டகப் பால் குடித்திருந்தார்.

கோவிட்: 2019 இறுதியில் சீனாவில் தெரிந்தது. அது செய்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

சரவாக்கில் கண்டது

இனி நம் நாட்டுச் செய்தி. 2017, 2018-ல் சரவாக்கில் நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 301 நோயாளிகளின் மூக்குச் சளி மாதிரிகளை ஆராய்ந்தார்கள். 8 பேரிடம் நாய்க் கொரோனாவின் அடையாளம் இருந்தது. பெரும்பாலோர் சிறு குழந்தைகள். எட்டுப் பேரும் குணமாகி வீடு திரும்பினார்கள். 2021-ல் இம்முடிவு வெளியானது.

ஒரு மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்ததில், நாய்க் கிருமியோடு பூனைக் கிருமியின் பகுதியும் கலந்திருந்தது. ஒரே பிராணியின் உடலில் இரண்டு வகைக் கிருமிகள் சேர்ந்தால் இப்படிக் கலப்பு உண்டாகும். கிருமியின் முள் ஒரு சாவி மாதிரி. நாயின் பூட்டைத் திறக்கும் சாவி மனிதனின் பூட்டில் பொதுவாக நுழையாது. கலந்து மாறும்போது, எப்போதாவது ஒரு சாவி நுழைந்துவிடுகிறது.

ஆனால் கவனியுங்கள்: நிமோனியாவுக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆளுக்கு ஆள் பரவியதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே நாயை அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள். சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

1. நாய், கோழி, மாட்டைத் தொட்ட பிறகும், சாப்பிடும் முன்பும் சவுக்காரம் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கைக் கரைப்பது போல, சவுக்காரம் அதைக் கரைத்துவிடும்.

2. வயிற்றுப்போக்கு உள்ள நாய்க்குட்டியிடம் குழந்தைகளை விடாதீர்கள். அதன் கழிவை வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

3. வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

4. இருமும் குழந்தையின் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலே ஆபத்து. மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் ஆபத்துதான். "விடிஞ்சதும் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

5. வீட்டில் என்னென்ன பிராணிகள் இருக்கின்றன, எது நோயாகக் கிடக்கிறது என்று டாக்டரிடம் கேட்காமலேயே சொல்லுங்கள்.

6. காய்ச்சலும் இருமலுமாகப் பெரட்டுக்குப் போகாதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டரின் எம்.சி. இருந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு: இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை.

சரவாக்கில் பெற்றோர்கள் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததால்தான் பிள்ளைகளும் பிழைத்தார்கள், புதிய கிருமியும் தெரிய வந்தது. மூச்சு எண்ணும் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.