தொட்டியை நிரப்பும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நாலடித் தொட்டி வந்து இறங்கிவிட்டது, ஸ்கிம்மரும் விளக்கும் பொருத்தியாயிற்று, இனி எந்தெந்த மீன், எந்தெந்தப் பவளம் வாங்கலாம் என்று பட்டியல் கேட்டு எழுதியிருக்கிறாய். பட்டியல் தருகிறேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலையில் சிக்கி வரும் பவளக் கல்லைத் தெரிந்தவர்கள் சும்மா தருவதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். அதை வாங்காதே.

செத்த கல்தானே, தானாக வலையில் வந்ததுதானே என்பார்கள். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், 2001இல் பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தையும் சேர்த்துவிட்டார்கள். கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் உண்டு. கடல்குதிரையும் கடல் அட்டையும்கூட அப்போதுதான் சேர்ந்தன. உயிரோடு வைத்திருந்தாலும் குற்றம், காய்ந்த துண்டாக வைத்திருந்தாலும் குற்றம்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் உன் ஊரான இடிந்தகரைக்கு வடக்கே, தூத்துக்குடிக்கு எதிரே தொடங்கி ராமேஸ்வரம் வரை போகின்றன. 1986இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்பும் அதற்குப் பின்னும்கூட, தூத்துக்குடிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து பவளக் கல்லை வெட்டி வெட்டி வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்குப் போனது, கட்டடத்துக்குப் போனது. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர் இருந்தது; முப்பது ஆண்டில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. இத்தனைக்கும் ஒவ்வொருவரும் எடுத்தது ஒரு வள்ளம் கல்தான்.

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் அந்தப் பாறைகளைத் திரும்ப வளர்க்கப் பாடுபடுகிறார்கள். பவளக் கிளையின் சிறு துண்டைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, அதைக் கடலடியில் சட்டத்தின் மேல் வைத்து, பாசி மூடாமல் பார்த்து, விரற்கடை விரற்கடையாக வளர விடுகிற வேலை அது. தொட்டி வைப்பவர்கள் துண்டு ஒட்டி வளர்க்கிறோமே, அதே கைவேலைதான். நீ அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் கல்லுக்கு என்ன செய்வது? கடையில் சுட்ட பீங்கான் கல் கிடைக்கிறது. சிமெண்டோடு சிப்பித் தூள் கலந்து நீயே வார்த்தும் கொள்ளலாம். ஆனால் இரண்டு மாதமாவது நன்னீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருந்து, பி.எச். 8.4க்கு இறங்கிய பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். காய்ந்த கல்லில் உயிர் இல்லையே என்று கவலைப்படாதே. நன்றாக ஓடுகிற ஒரு தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால், பாலுக்கு உறை மோர் விட்டதுபோல் அது வேலையைத் தொடங்கிவிடும்.

மணலும் கரையிலிருந்து வேண்டாம். உவரியிலிருந்து உன் ஊர் வரை கரையில் சிவப்பும் கறுப்புமாகப் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறதே, அது கார்னெட்டும் இல்மனைட்டும், மொனசைட்டும் கலந்திருக்கும். அள்ளுவதற்கு 2013இல் அரசு தடை போட்ட மணல் அது. உனக்கு வேண்டியது அரகோனைட் மணல். அது சுண்ணாம்புச் சத்து. நீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்க உதவும். தாது மணல் அந்த வேலையைச் செய்யாது.

கடல்நீரை எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் குஞ்சு பொரிப்பகம் கடல்நீரில்தான் நடக்கிறது. ஆனால் அவர்களிடம் மணல் வடிகட்டி இருக்கிறது, பெரிய தொட்டிகள் இருக்கின்றன, நீரைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடும் ஆட்கள் இருக்கிறார்கள். நீ கரையில் நின்று குடத்தில் மொண்டால் வருவது அலை கலக்கிய மணலும் சேறும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் கலங்கியே கிடக்கும். மழைக்குப் பிறகு ஆற்று முகங்களின் பக்கம் உப்பு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டு உப்புப் பொடியைக் கரைத்தே செய். ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் அதே நீர் கிடைப்பது கத்துக்குட்டிக்குப் பெரிய பலம். கரைக்கிற நீர் ஆர்.ஓ. நீராக, கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். பூஜ்யத்தை ஒட்டியதாக இருக்கட்டும். ராதாபுரம் பக்கத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை உனக்கே தெரியும். தாமிரபரணிக் குழாய் நீர் மென்மையானது என்றாலும் அதில் குளோரின் போடுகிறார்கள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் பார். ஆயிரத்துக்கு 35 பங்கு, அல்லது 1.026 என்று காட்ட வேண்டும்.

உன் ஊரில் எனக்கு உண்மையான பயம் வெப்பம்தான். பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துத் தரும் உணவில்தான் பவளம் வாழ்கிறது. நீர் 30 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி நடந்தது; 2016இல் ஏராளமாகச் செத்தும் போயின. நீர் ஓரிரு டிகிரி மாறினால் மீன் விலகும் என்பது இடிந்தகரை மீனவர்களின் தொழிலறிவு. கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து திரும்பும் நீரைப் பற்றி அவர்கள் அத்தனை ஆண்டு பேசியதும் அதனால்தான். பரந்த கடலிலேயே இப்படி என்றால், 240 லிட்டர் நீர் மே மாத மதியத்தில், மேலே விளக்கும் உள்ளே மோட்டாருமாக என்ன பாடு படும் என்று நினைத்துப்பார். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கு. மீனுக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடு. 26 டிகிரியில் நிறுத்து. சில்லர் வரும்வரை நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். ஆனால் உன் ஊர்க் காற்றுக்கு நீர் விறுவிறுவென்று ஆவியாகும். உப்பு ஆவியாகாது, நீர் மட்டும் போகும். அதனால் குறைகிற நீரை ஆர்.ஓ. நீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்பு நீரால் அல்ல. கையோடு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் ஒன்று வாங்கி வை. மின்சாரம் போன இரவில் முதலில் தீர்வது ஆக்சிஜன்.

இனி காத்திருப்பு. கல்லும் மணலும் நீரும் போட்டு, கொஞ்சம் அம்மோனியா விட்டு, ஓடவிடு. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டும் வரை மீன் வேண்டாம். இடையில் பழுப்பு நிறத்தில் பாசி படியும், கல்லும் மணலும் அசிங்கமாகத் தெரியும். எல்லோருக்கும் வருகிற பருவம் அது, தானாகப் போகும். அந்தச் சமயத்தில் நத்தைகளும் துறவி நண்டுகளும் விடலாம்.

முதல் மீன் கோமாளி மீன். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததுதானா என்று கேட்டு வாங்கு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இதை வளர்க்கும் வித்தையை நம் கடற்கரையிலேயே கண்டு கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு பெட்டித் தீவனம் தின்னும், நோய் குறைவு, கண்ணாடியைக் கண்டு மிரளாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பாறைகளில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடித்த மீன்கள் பளபளவென்று கடைக்கு வந்து, சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். விலை மலிவு என்று அதன் பக்கம் போகாதே.

சின்னதாக இரண்டு கோமாளிகளைச் சேர்த்து வாங்கு. கோமாளி மீன் பிறக்கும்போது பெண் கிடையாது. இரண்டில் வலுத்தது பெண்ணாக மாறும், மற்றது ஆணாக நிற்கும். சில மாதத்தில் பெரியது சின்னதை முட்டித் தள்ளுவதும், சின்னது உடம்பை வெடவெடவென்று நடுக்கிப் பணிவதும் பார்ப்பாய். சண்டை என்று பயந்து பிரித்துவிடாதே, குடித்தனம் அமைகிறது. ஒரு நாள் இரண்டும் கல்லின் ஒரு பக்கத்தை வாயால் துடைத்துத் துப்புரவாக்கும். பிறகு ஆரஞ்சு நிற முட்டைகள் அங்கே ஒட்டியிருக்கும். ஆண்தான் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரியும். விளக்கணைந்த இருட்டில் பொரியும்.

கோமாளிகள் நிலைத்து ஒரு மாதம் கழித்து ஒரு கோபி, அதற்கும் ஒரு மாதம் கழித்து ஒரு பிளென்னி. சண்டைக்கார டாம்சல் வேண்டுமென்றால் கடைசியில் ஒன்றே ஒன்று; முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிவிடும். நாலடித் தொட்டிக்கு ஐந்தாறு சிறு மீன் போதும். பவுடர் புளூ டாங்கைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது நாளெல்லாம் பாறை பாறையாக மேய்ந்து நீந்தும் மீன். நாலடிக்குள் அடைத்தால் வெண்புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சி மீன் பவளத்தைக் கொறிக்கும். துப்புரவு மீன் என்று விற்கும் ராஸ் வகை, பெரிய மீன்களின் உடம்பில் மேய்ந்து பிழைப்பது. உன்னிடம் பட்டினி கிடக்கும். கடல் சாமந்தி ஆறு மாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வருகிற ஒவ்வொரு மீனும் தனித் தொட்டியில் நான்கு வாரம் இருந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெண்புள்ளிக்குச் செம்பு மருந்து கொடுத்தால் மீன் பிழைக்கும், பவளமும் நத்தையும் சாகும். பெரிய தொட்டிக்குள் நோய் வந்த பிறகு மருந்து விட வழியே இல்லை.

பவளத்தில் உனக்குச் சட்டப்படியும் பழக்கப்படியும் ஏற்றது மென்பவளம்: காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட். தொட்டி மூன்று மாதத்தைக் கடந்த பிறகு வாங்கு. கடலில் வெட்டியதாக இல்லாமல் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த துண்டாகப் பார்த்து, ரசீதோடு வாங்கு. கல் பவளத்தை யாராவது ரகசியமாகத் தந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு. தோல் பவளம் வந்த சில வாரத்தில் குச்சங்களை எல்லாம் உள்ளிழுத்துச் சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் மங்கிக் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தோலுரிக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டம் எழுப்பும் வேவ்மேக்கரை அதன் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டால் படலம் கிழிந்து போகும். அடியிலிருந்து முன்னைவிடப் பளிச்சென்று விரியும். சோவாந்திட்டைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாலிடாக்ஸின் என்ற நஞ்சு அதன் சில வகைகளில் உண்டு. விரலில் கீறல் இருந்தால் மருத்துவமனைதான். அது ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்ய ஒருபோதும் நினைக்காதே, ஆவியே ஆளைச் சாய்க்கும்.

கடலிலிருந்து எடுக்காதே என்று சொன்னதுபோல் கடலுக்குள் விடவும் விடாதே. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால், மிஞ்சிய மீனை இடிந்தகரைக் கடலில் விட்டுப் புண்ணியம் தேடலாம் என்று மனசு சொல்லும். மண்டபம் கரையில் வளர்ப்புக்கு என்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்து மூடியது. அமெரிக்காவில் தொட்டிகளிலிருந்து வெளியேறிய சிங்க மீன் இன்று அட்லாண்டிக் பாறைகளில் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. வேண்டாத மீனை இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடு. மாற்றிய உப்பு நீரைக் கழிவறையில் ஊற்று, வாய்க்காலில் வேண்டாம்.

நீரைக் கலக்கிய தேதியையும், மூன்று நாளுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட், வெப்பநிலை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவை. மதியம் இரண்டு மணி வெப்பநிலையைத் தனியாக எழுது, காலையில் பார்த்தது உதவாது. ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் அனுப்பு. கோமாளிக்கு எங்கே சொல்லலாம் என்று அப்போது பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்