தோட்டத்து உடம்புக்குச் சில குறிப்புகள்

சுங்கை பாலாஸ், ஹாபு தேயிலைத் தோட்டச் சரிவுகளில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்குபவர்களுக்குக் காலும் மூச்சும் பழகியிருக்கும். பாடுபடுவது முதுகும் தோளும்தான். வேலை முடிந்ததும் சுவரில் கையூன்றிப் பத்துத் தண்டால் எடுங்கள். பிறகு கைகளை இடுப்பில் வைத்து மெல்லப் பின்னால் வளைந்து நிமிருங்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு வாரம் 150 நிமிட வேக நடை தேவை.

பெண்கள் எடைமுள்ளையும் பையன்கள் புஜத்தையும் பார்த்தே மனம் வெதும்புகிறார்கள். அதைவிட டேப் எடுத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் இடைச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆசியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கல்யாண வீட்டில் "என்னம்மா, இப்படிக் குண்டாயிட்ட?" என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; அந்தக் கேள்விதான் பல பெண்களை ஒல்லியாக்கும் காப்பிப் பொட்டலத்திடம் அனுப்புகிறது. அத்தகைய பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட மருந்து அது.

மகன் தசை வளர்க்கும் ஊசி பற்றிப் பேச்செடுத்தால் திட்டாதீர்கள். அந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டு விந்தணுவைக் குறைக்கும், இதயத்தையும் கெடுக்கும் என்று பக்குவமாகச் சொல்லி, தானா ராத்தா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.